தார் கனவு காணும் நண்பர்களுக்கு: முதலில் ஒரு மம்பட்டி வாங்குங்க



நம்ம ஹாஸ்டலில் பாதிப் பேரோட மொபைல் வால்பேப்பரில் தார் நிக்குது. மீதிப் பேருக்கு ஜிம்னி. பிளேஸ்மென்ட் ஆஃபர் வந்த அன்னைக்கே மெஸ்ஸில் உட்கார்ந்து இ.எம்.ஐ. கணக்கு போடுறவங்களை தினமும் பார்க்கிறேன். தப்பே இல்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். ஆனா வண்டியோட விலை, குதிரைத்திறன், டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ் எல்லாம் மனப்பாடமா சொல்ற யாரும், அந்த வண்டியோட டிக்கியில் என்ன இருக்கணும்னு பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசினதில்லை, போன வருஷம் மே மாசம் வரைக்கும்.

நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுறது இதுதான் முதல் தடவை. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. விஷயத்தில் பிழை இல்லாம பார்த்துக்கிட்டேன்.

தேரியில் நடந்தது

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவில் நாங்க நாலு பேர், எங்க நண்பன் ஒருத்தனோட ஊருக்குப் போனோம். தூத்துக்குடி மாவட்டம், உடன்குடிப் பக்கம். கருப்பட்டிக்குப் பேர் போன ஊர். அந்தப் பக்கம்தான் தேரிக்காடு. செக்கச்செவேல்னு மணல் மேடுகள். மணல் துகள் மேல இரும்பு ஆக்சைடு படிஞ்சிருக்கிறதாலதான் அந்தச் சிவப்பு. பாலைவனம் மாதிரியே இருக்கும், நடுநடுவே பனைமரம் நிக்கும்.

அவன் சித்தப்பாகிட்ட ஒரு பழைய ஃபோர்-வீல் டிரைவ் ஜீப்பும், தோப்பு வேலைக்கு ஒரு பிக்கப் வண்டியும் இருந்தது. அவங்க சொந்தத் தோப்புக்குள்ளயே ஓட்டிப் பார்க்கிறதா பிளான். மதியம் பன்னிரண்டு மணி, மே மாச வெயில். இருநூறு மீட்டர்கூட போகல, ஜீப் மணலில் மாட்டிக்கிச்சு. உடனே நாங்க என்ன செஞ்சோம்? எல்லாரும் செய்றதைத்தான். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சோம். நாலு சக்கரமும் நாலு குழி தோண்டிச்சு. ரெண்டு நிமிஷத்தில் ஜீப்போட வயிறு மணலில் உட்கார்ந்திருச்சு.

பக்கத்தில் கெட்டியான வண்டிப் பாதையில் நின்ன பிக்கப்பை வச்சு இழுக்கலாம்னு முடிவு பண்ணோம். கையில் இருந்தது, இரும்புக் கொக்கி வச்ச ஒரு மஞ்சள் நைலான் மாதிரி கயிறு. கடையில் மலிவா வாங்கினது. ஜீப்போட பம்பர் பிராக்கெட்டில் கொக்கியை மாட்டினோம். மெதுவா இழுத்தப்போ அசையல. "கொஞ்சம் தொங்கல் விட்டு, வேகமா ஒரு இழு இழுங்க சித்தப்பா"ன்னு சொன்னது நான்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறவன்.

பிராக்கெட் பிய்ஞ்சுது. கொக்கி கயிறோட சேர்ந்து பிக்கப் பக்கம் பறந்து போய், கேபினோட பின் கண்ணாடியை உடைச்சு, சித்தப்பா சீட்டுக்குப் பின்னாடி இருந்த தகட்டில் குத்தி நின்னுது. சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் என் ரூம்மேட் அந்த பிக்கப்போட பின்பக்கத் தொட்டியில் நின்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான். அவன் அம்மா போன் பண்ணாங்க, சிக்னல் சரியா இல்லைன்னு இறங்கி மேட்டுப் பக்கம் போயிருந்தான். கொக்கி போன உயரத்தில்தான் அவன் நெஞ்சு இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் யாரும் பேசல. இன்னைக்கு வரைக்கும் அவன் அம்மாவுக்கு இது தெரியாது.

எங்களை அங்கிருந்து வெளியே எடுத்தது யார், எப்படின்னு கீழே சொல்றேன். அதுக்கப்புறம் நான் படிச்சு, கேட்டு, செஞ்சு பார்த்துத் தெரிஞ்சுகிட்டதுதான் இந்தக் கட்டுரை. சாமான்களை ஒண்ணொண்ணா பார்ப்போம். எது வேணும்ங்கிறதோட ஏன் வேணும்னும் சொல்றேன். காரணம் புரிஞ்சாதான் அந்தச் சாமானை ஒழுங்கா பயன்படுத்துவோம்.

1. காற்று பார்க்கிற கேஜ், காற்று அடிக்கிற கம்ப்ரசர்

நாங்க மண்டையில் கை வச்சுக்கிட்டு நின்னப்போ, பனையேறி தாத்தா ஒருத்தர் பதநீர் இறக்கிட்டு அந்தப் பக்கமா வந்தார். ஜீப்பை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுச் சொன்னார்: "எய்யா, மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும். மொதல்ல டயர்ல காத்த எறக்குங்க."

இதுதான் மணலோட முதல் விதி. கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு சக்கரத்தின் மேல 450 கிலோ எடை வருதுன்னு வைங்க, அதாவது சுமார் 4,400 நியூட்டன். டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தா, அது சுமார் 220 கிலோபாஸ்கல். விசையை அழுத்தத்தால் வகுத்தா, தரையைத் தொடுற பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாக்கி 16 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டு வந்தா, பரப்பு கிட்டத்தட்ட 400 ஆயிடும். டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் எடையைத் தாங்கும்கிறதால நிஜத்தில் இவ்வளவு கச்சிதமா இருக்காது. ஆனா திசை இதுதான். டயர் அகலமாகிறதைவிட நீளவாக்கில்தான் அதிகமா படியும், டாங்கியோட பட்டை மாதிரி. அதனால மணலைத் தோண்டாம மேலேயே மிதந்து போகும்.

மணலுக்கு 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரைக்கும் இறக்குறது வழக்கம். இன்னும் கீழே போனா, திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வர வாய்ப்பு உண்டு. காற்று குறைஞ்ச டயரில் வேகமும் கூடாது, சட்டுன்னு ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது.

அளக்காம இறக்கக் கூடாது, அதுக்குத்தான் கேஜ். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். சரி, இறக்கின காற்றைத் திரும்ப எங்கே அடிக்கிறது? அன்னைக்கு எங்ககிட்ட கம்ப்ரசர் இல்லை. தார் ரோடு வந்தப்புறமும் சப்பை டயரோட, இருபது கிலோமீட்டர் வேகத்தில், பஞ்சர் கடை வரைக்கும் ஊர்ந்து போனோம். அந்த டயரில் அறுபதில் போனா, பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி வெடிச்சிடும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒண்ணு வாங்கிடுங்க. சின்னது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஓடும். பெரியது அதிக ஆம்பியர் இழுக்கும், அதை சாக்கெட்டில் சொருகினா ஃப்யூஸ் போயிடும். நேரா பேட்டரியில் கிளிப் மாட்டுற மாடலா பார்த்து வாங்குங்க.

2. மம்பட்டி

தாத்தா அடுத்ததா, "மம்பட்டி இருக்கா?"ன்னு கேட்டார். இல்லை. நாங்க கையாலயே தோண்ட ஆரம்பிச்சோம். அவர் போய் தோப்பிலிருந்து ஒண்ணு எடுத்துட்டு வந்தார்.

சக்கரத்துக்கு முன்னாடி இருக்கிற மணலை எடுத்தா போதும்னு நினைச்சிருந்தோம். அப்படி இல்லை. வயிறு தரையில் உட்கார்ந்த வண்டியோட எடையில் ஒரு பங்கை மணலே தாங்கிக்கிட்டு இருக்கு. சக்கரத்தின் மேல எடை குறைஞ்சா பிடிமானமும் குறையும், உராய்வு விதியை ஸ்கூலிலேயே படிச்சிருக்கோம். அதனால முதலில் வண்டிக்கு அடியில் இருக்கிற மணல், அப்புறம் சக்கரத்துக்கு முன்னாடி சரிவான ஒரு வழி. இந்த வரிசையில் தோண்டணும்.

மடக்கு மண்வெட்டி வண்டியில் வைக்க வசதிதான். ஆனா கைப்பிடி நீளமா இருந்தாதான் வண்டிக்கு அடியில் எட்டும். நம்ம ஊர் மம்பட்டிக்கு ஈடு கிடையாது. மொத்த லிஸ்டில் மலிவானதும் பழுதே ஆகாததும் இதுதான்.

3. டயருக்கு அடியில் போட ஏதாவது

தோண்டின வழியில் போட, நான் பக்கத்தில் கிடந்த பனை மட்டையை இழுத்துட்டு வந்தேன். தாத்தா தடுத்தார். "மட்டைய போடாதீய, கருக்கு டயர கிழிச்சிரும். ஓலைய மட்டும் போடுங்க." பனை மட்டையோட ஓரத்தில் ரம்பம் மாதிரி பல் இருக்கும், அதைத்தான் கருக்குன்னு சொல்றாங்க. காற்று குறைஞ்ச டயரோட பக்கச் சுவருக்கு அது கத்தி மாதிரி. ஓலையை அடுக்கி, ஃபோர்-வீல் லோ கியரில், ஆக்ஸிலரேட்டரை நோகாம தொட்டு எடுத்தப்போ ஜீப் தானா மேலே ஏறி வந்திருச்சு. கயிறே தேவைப்படல. பத்து நிமிஷ வேலை. அதுக்குத்தான் ஒரு உயிரைப் பணயம் வச்சோம்.

கடையில் இதுக்குன்னே டிராக்‌ஷன் போர்டு விக்கிறாங்க. முள்ளு முள்ளா இருக்கிற பிளாஸ்டிக் பலகை. ரெண்டு வச்சுக்கலாம். அதன் மேல சக்கரத்தை வேகமா சுழல விடாதீங்க, முள் உருகிடும், பலகையும் பின்னாடி எகிறி அடிக்கும். பலகைக்குப் பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. காசு இல்லையா, காரில் போடுற பழைய ரப்பர் மேட்டும் கோணிச் சாக்கும் ஓரளவுக்கு உதவும்.

4. இழுக்கிற பட்டை, ஷேக்கிள், போர்வை

இந்தப் பகுதியைத் தயவு செய்து ரெண்டு தடவை படிங்க.

2,000 கிலோ வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனா, அதோட இயக்க ஆற்றல் சுமார் 17,000 ஜூல். ஒரு சிமெண்ட் மூட்டையை 35 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட பத்து மாடிக் கட்டடத்திலிருந்து, கீழே போட்டா வர்ற ஆற்றல். தொங்கல் விட்டு இழுக்கும்போது இதைக் கயிறு தாங்கணும்.

நீளாத கயிறு, சங்கிலி, இரும்பு ரோப் இதெல்லாம் வண்டியை 20 சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்துதுன்னு வைங்க. சராசரி விசை எட்டரை டன்னுக்கும் மேல. எந்த பிராக்கெட் தாங்கும்? அதே வேலைக்கு 9 மீட்டர் நீளமுள்ள, 20 சதவீதம் நீளக்கூடிய பட்டையைப் போட்டா, 1.8 மீட்டர் தூரத்தில் மெதுவா நிறுத்தும். சராசரி விசை ஒரு டன் அளவுக்கு இறங்கிடும். உச்ச விசை அதைவிட அதிகம்தான், இருந்தாலும் தாங்கக்கூடிய அளவு. பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னாடி இழுக்கிறோமே, அதே தத்துவம்.

அதனால வாங்கும்போது கேளுங்க: இது டோ பட்டையா, ஸ்னாட்ச் பட்டையா? பாலியஸ்டரில் செஞ்ச டோ பட்டை அதிகம் நீளாது. ரிப்பேரான வண்டியை ரோட்டில் மெதுவா இழுத்துட்டுப் போக மட்டும்தான் அது. மாட்டின வண்டியை எடுக்க நைலான் ஸ்னாட்ச் பட்டை அல்லது கைனடிக் ரோப் வேணும். அறுபடும் பலம், ரெண்டு வண்டியில் எடை குறைவானதோட மொத்த எடையைப் போல ரெண்டு, மூணு மடங்கு இருக்கணும். ரொம்ப அதிகப் பலத்தில் வாங்கினா நீளாது, வாங்கின பயனே போயிடும்.

ரெண்டாவது, எங்கே மாட்டுறோம்ங்கிறது. பம்பர் கூடாது. ஆக்ஸில் கூடாது. டிரெய்லர் இழுக்கிற பந்து கூடவே கூடாது. அது உடைஞ்சா நிஜமாவே பீரங்கிக் குண்டு. சேசிஸோட போல்ட் பண்ணின, அதுக்குன்னே கம்பெனி கொடுத்த இடத்தில்தான் மாட்டணும். உங்க வண்டியில் அது எங்கேன்னு ஓனர் மேனுவலில் இருக்கும். மாட்டினப்புறம் தேடாதீங்க, வீட்டிலேயே பார்த்து வச்சுக்கோங்க.

மாட்டுறதுக்கு இரும்புக் கொக்கி வேண்டாம், ஷேக்கிள் வேணும். 19 மில்லிமீட்டர் ஷேக்கிளில் 4.75 டன்னுன்னு வேலைச் சுமை பொறிச்சிருக்கும். எண்ணே பொறிக்காத ஷேக்கிளைத் தொடாதீங்க. நார் கயிற்றில் பின்னின சாஃப்ட் ஷேக்கிள் இன்னும் நல்லது, எடை குறைவா இருக்கிறதால அறுந்து பறந்தாலும் இரும்பு அளவுக்கு ஆபத்து இல்லை. கூர்மையான ஓரத்தில் மட்டும் அது உரசாம பார்த்துக்கணும்.

மூணாவது, பட்டையோட நடுவில் ஒரு கனமான போர்வை போடுங்க. அறுந்தா அது பறக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

நாலாவதுக்குக் காசே வேண்டாம். ஓட்டுற ரெண்டு பேரைத் தவிர எல்லாரும், பட்டை நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிக்கணும். 9 மீட்டர் பட்டைன்னா, சுமார் 14 மீட்டர். இழுக்கிற கோட்டுக்கு நேரா முன்னாடியோ பின்னாடியோ நிக்கவே கூடாது. வீடியோ எடுக்கிறவனுக்கும் இதே விதிதான். அவனுக்குத்தான் முதல்ல சொல்லணும்.

5. ஜாக்கும் ஒரு பலகைத் துண்டும்

வண்டியோட வர்ற ஜாக் தார் ரோட்டுக்காகச் செஞ்சது. அதோட அடித்தட்டு பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்னு வைங்க. 600 கிலோவைத் தூக்கினா, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. மணலில் வண்டி மேலே வராது, ஜாக் கீழே போகும். அதுக்கு அடியில் முப்பதுக்கு முப்பது கெட்டியான ப்ளைவுட் துண்டு வச்சா, அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு ஆயிடும். தச்சுப் பட்டறையில் கேட்டா வெட்டின துண்டைச் சும்மாவே கொடுப்பாங்க. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீங்க.

6. டயர், பேட்டரி, சில்லறைச் சாமான்

ட்யூப்லெஸ் பஞ்சர் கிட் வேணும்: குத்தூசி, ரப்பர் திரி, பசை. ஒரு தடவையாவது பஞ்சர் கடை அண்ணன்கிட்ட நின்னு பார்த்துக் கத்துக்கோங்க. பக்கச் சுவர் கிழிஞ்சா திரி நிக்காது, ஸ்டெப்னிதான் வழி. அந்த ஸ்டெப்னியில் காற்று இருக்கான்னு கடைசியா எப்போ பார்த்தீங்க? அப்பா காரில் இன்னைக்கே போய்ப் பாருங்க.

ஜம்பர் கேபிள், ஸ்பேர் ஃப்யூஸ், இன்சுலேஷன் டேப், கேபிள் டை, ஸ்பேனர் செட், தலையில் மாட்டுற டார்ச். டார்ச்சைக் கையில் பிடிச்சா வேலைக்கு ஒரு கைதான் மிஞ்சும். தோல் கையுறை ஒரு ஜோடி.

7. வண்டிக்கு இல்லை, நமக்கு

அன்னைக்கு அஞ்சு பேருக்கு எங்ககிட்ட இருந்தது ரெண்டு லிட்டர் தண்ணி. ஒரு மணி நேரத்தில் காலி. அந்த வெயிலில் மணல் தோண்டின எனக்குத் தலை சுத்திச்சு. தாத்தா பதநீர் கொடுத்தார், காசு வாங்க மறுத்துட்டார். எல்லா இடத்திலும் ஒரு தாத்தா வரமாட்டார். ஆளுக்கு அஞ்சு லிட்டர் எடுத்துக்கோங்க, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கூட.

முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்டர் மட்டும் இருந்தா பத்தாது. ரத்தத்தை அழுத்தி நிறுத்துற அளவுக்குப் பெரிய பஞ்சுத் துணியும் எலாஸ்டிக் பேண்டேஜும் வேணும். பாம்பு கடிச்சா கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை நடக்க விடாம, கடிபட்ட கை காலை அசைக்காம, விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குக் கொண்டு போகணும். 108க்குக் கூப்பிடணும், அதுக்கு சிக்னல் வேணும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே, எங்கே போறோம், எத்தனை மணிக்குள்ள வந்துடுவோம்னு வீட்டில் ஒருத்தர்கிட்டயாவது சொல்லிடுங்க. ஆஃப்லைன் மேப்பும் பவர் பேங்கும் எடுத்துக்கோங்க.

தீயணைப்பான்: ஏ.பி.சி. பவுடர் வகை. காய்ஞ்ச புல் மேல சூடான சைலன்சரோட வண்டியை நிறுத்தினா தீப்பிடிக்கும். அதை டிக்கியில் எல்லாச் சாமானுக்கும் அடியில் வைக்காதீங்க, டிரைவர் கைக்கு எட்டுற இடத்தில் மாட்டுங்க.

8. அனுமதி

இதுவும் ஒரு சாமான்தான். தேரியில் ஒரு பகுதி காப்புக்காடு. மலைப் பக்கம் சொல்லவே வேண்டாம். அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள வண்டியை விட்டா, 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் பாயும். சரணாலயமா இருந்தா 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். பட்டா நிலம்னா சொந்தக்காரரைக் கேளுங்க. ஏற்கெனவே இருக்கிற பாதையிலேயே ஓட்டுங்க. நமக்கு அது வெறும் மணல், அங்கே இருக்கிறவங்களுக்கு அதுதான் தோப்பு, பிழைப்பு.

எங்கே வைக்கிறது?

எல்லாத்தையும் வாங்கி டிக்கியில் சும்மா போட்டா, வண்டி உருண்டா அந்த ஜாக்கும் ஷேக்கிளும்தான் உங்களை அடிக்கும். கனமானது கீழே, சீட்டை ஒட்டி, ராட்சட் பட்டையால் கட்டி வைக்கணும். மேலே கேரியரில் ஏத்தினா ஈர்ப்பு மையம் உயரும், சரிவில் வண்டி சீக்கிரம் கவிழும். மம்பட்டியும் கேஜும் அடிக்கடி தேவைப்படும், கடைசியா வைங்க, முதல்ல கைக்கு வரும்.

ஒரே நாளில் எல்லாம் வாங்க வேண்டாம். முதல் மாசம்: கேஜ், மம்பட்டி, பலகைத் துண்டு, தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி. அடுத்த மாசம்: கம்ப்ரசர், பஞ்சர் கிட், தீயணைப்பான். அதுக்கப்புறம் ஸ்னாட்ச் பட்டையும் ஷேக்கிளும். அலாய் வீல், லைட் பார், ஸ்டிக்கர் எல்லாம் இதுக்குப் பின்னாடிதான். பட்டையைக் கடைசியில் வச்சிருக்கேன்னு கவனிச்சீங்களா? காற்றை இறக்கி, தோண்டி, அடியில் ஏதாவது போட்டும் வரலைன்னா மட்டும்தான் இழுக்கணும். நாங்க அதைத்தான் முதல்ல செஞ்சோம்.

அந்தப் பின் கண்ணாடிக்கு நாங்க நாலு பேரும் காசு போட்டுக் கொடுத்தோம். சித்தப்பா வேண்டாம்னுதான் சொன்னார். கொக்கியை மட்டும் நான் வாங்கிட்டு வந்துட்டேன், ஹாஸ்டலில் என் மேஜை மேல பேப்பர் வெயிட்டா இருக்கு. "இழுங்க சித்தப்பா"ன்னு சொன்ன என் குரல் அந்த வீடியோவில் பதிவாகியிருக்கணும். என் ரூம்மேட் கீழே இறங்கினப்போ ரெக்கார்டிங்கை நிறுத்திட்டான், அதனால இல்லை. எனக்குக் கேக்கிறதுக்கு அது வீடியோவில் இருக்கணும்னு அவசியமும் இல்லை.

தார் வாங்குங்க மக்களே. வாங்கிட்டு எங்களையும் கூப்பிடுங்க. மம்பட்டி நான் எடுத்துட்டு வரேன்.